ஏழாங்கட்டைக் குழாய்

புந்தோங், ஈப்போ
8.7.1979

அன்பு அண்ணனுக்கு,

தங்கை நவமணி வணக்கம். நீங்களும் அண்ணியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் சுகம்தான், நிம்மதிதான் இல்லை. ஒரு வரி எழுதுவதும் எழுந்து அறைக்குள் நடப்பதுமாக இருக்கிறேன்.

விஷயம் இதுதான். மாதம் ஒரு சனிக்கிழமை என் மாணவர்களை நம் ரப்பர் தோட்டத்துக்கு அழைத்து வருகிறேனே, அதை நிறுத்தச் சொல்லிப் பெற்றோர் சிலர் தலைமையாசிரியரிடம் போயிருக்கிறார்கள். "படிக்க அனுப்புனா மண்ணு வெட்ட விட்டுட்டாங்க லா" என்றாராம் ஒருவர். "எஸ்டேட்ட விட்டு வெளிய வரத்தானே எங்கப்பா அவ்ளோ பாடுபட்டாரு? திரும்ப அங்கயே அனுப்புறீங்களே" என்றாராம் இன்னொருவர். இரண்டாவது கேள்வி எனக்குச் சுருக்கென்றது. நானும் அந்த லயத்து வரிசை வீட்டில் பிறந்து வெளியே வந்தவள்தானே.

தலைமையாசிரியர் எனக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்திருக்கிறார். செப்டம்பரில் நகரத்தில் மண்டபம் எடுத்து மாணவர் தொண்டுக் கண்காட்சி நடத்த வேண்டும். பெற்றோர், மற்றப் பள்ளி ஆசிரியர்கள், கல்வி இலாகா அதிகாரி எல்லாரும் வருவார்கள். தொண்டும் ஒரு படிப்புத்தான் என்று அவர்கள் ஒப்புக்கொண்டால் இது கால அட்டவணையிலேயே இடம்பெறும். இல்லாவிட்டால் அன்றோடு சரி.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்தது, கைக்குழந்தைகளை விட்டுப் போகும் ஆயாக்கொட்டகைக்குப் பின்னால் காய்கறி போட்டது எல்லாம் காட்டுவோம். ஆனால் கண்காட்சிக்கு உயிரே குழாய்தான். விடுமுறை முழுக்கத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியிலேயே தங்கி, மலையடி ஊற்றிலிருந்து மேல் லயம் வரை மாணவர்கள் போட்ட குழாய். அதைப் பார்த்தால் எந்தப் பெற்றோரும் வாய் திறக்க மாட்டார்கள்.

எனக்கு இரண்டு உதவி வேண்டும். ஆற்றுத் தண்ணீர் தூக்க அண்ணி வைத்திருக்கும் அந்தப் பழைய டின்னைக் கொடுத்தனுப்புங்கள், காட்சிக்கு வைக்கிறேன். அண்ணியும் வந்து மேடையில் நாலு வார்த்தை பேச வேண்டும். தட்டக் கூடாது.

உங்கள் தங்கை,
நவமணி


ஏழாங்கட்டைத் தோட்டம், சிலிம் ரிவர்
19.7.1979

முருகன் துணை

அன்புத் தங்கை நவமணிக்கு அண்ணன் ராமையாவின் ஆசிகள்.

கடிதம் வந்தது. குழாயை விசாரித்தாய், டின்னை விசாரித்தாய். உன் அண்ணி ராக்காயி முழுகாமல் இருக்கிறாளே, அவளுக்குச் சோறு இறங்குகிறதா என்று ஒரு வரி கேட்டிருக்கலாம். பரவாயில்லை. இறங்குகிறது.

டின்னைத் தருவதற்கு எனக்கு ஆட்சேபனை இல்லை. ஆனால் அதைக் கொடுத்துவிட்டு அவள் எதில் தண்ணீர் தூக்குவாள்? குழாய் மேல் லயத்தோடு நின்றுவிட்டது என்பதை மறந்துவிட்டாயா? நாங்கள் இருக்கும் கீழ் லயத்துக்கு இன்னும் ஆறுதான். உன் மேல் குறை சொல்லவில்லை. பிள்ளைகளிடம் இருந்த குழாய் அவ்வளவுதான், ஊற்றுக்குப் பக்கத்தில் இருந்தவர்களுக்கு முதலில் கிடைத்தது.

மேடை விஷயத்தைச் சொன்னேன். ராக்காயி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "நான் என்ன, கூண்டுல நிக்கிற மானா? வர்றவங்கல்லாம் வந்து பாத்துட்டுப் போறதுக்கு? ஒந் தங்கச்சிய இங்க வரச் சொல்லு, சோறு ஆக்கிப் போடுறேன். அங்கல்லாம் நான் வரமாட்டேன்" என்றாள். அதற்கு மேல் பேச எனக்குத் தைரியம் இல்லை.

இன்னொரு செய்தி. போன வாரம் மானேஜர் துரை மேல் லயத்துக்கு வந்தார். அவர் அங்கே கால் வைத்து எத்தனை வருஷமோ! குழாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். பிறகு ஆபீஸ் கணக்கு எழுதும் கிராணியை விட்டுப் படம் எடுக்கச் சொன்னார். எனக்கு அது நல்லதாகப் படவில்லை. இரண்டு லயத்துக்கும் நிர்வாகம் குழாய்த் தண்ணீர் தர வேண்டும் என்று தொழிற்சங்கத்தின் பேரில் தொழில் இலாகாவில் நான் எழுதிப் போட்டிருக்கிறேன். அக்டோபரில் விசாரணை. பார்ப்போம்.

பீடோரிலிருந்து வந்த வரனுக்கு இன்னும் நீ பதில் சொல்லவில்லை. கண்காட்சி முடியட்டும் என்பாய். சரி.

அண்ணன்,
ராமையா


புந்தோங்
5.8.1979

அன்பு அண்ணனுக்கு,

டின்னைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்து வெட்கப்பட்டேன். அண்ணியிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். டின் வேண்டாம்.

இங்கே ஒரே அமளி. மண்டபம் கிடைத்துவிட்டது. ஒட்டுப்பலகைகளைச் சாயம் பூசிப் பள்ளிக்கூட வராந்தாவில் காய வைத்திருக்கிறோம். மழை வந்தால் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். மாணவர்களில் பத்துமலையும் எல்ஸியும் தினம் சண்டை. பத்துமலை தெரியும்தானே, பாறையில் கடப்பாறையை வளைத்தானே, அவன்தான். குழாயை நிஜமாகவே மண்டபத்துக்குள் ஓடவிட்டுத் தண்ணீர் கொட்ட வைக்க வேண்டும் என்கிறான் அவன். "மண்டபம் நாறிடும்டா, போர்டுல எழுதுனா போதும்" என்கிறாள் எல்ஸி. இருவரையும் பிரித்து உட்கார வைப்பதே எனக்குப் பெரிய வேலை.

இனி நான் சொல்லப்போவதைக் கோபப்படாமல் படியுங்கள். துரை எங்கள் தலைமையாசிரியருக்குக் கடிதம் போட்டிருக்கிறார். கண்காட்சிக்கு லாரி, பந்தல், நாற்காலி எல்லாம் தருகிறாராம். தானே வந்து திறந்து வைக்கிறாராம். பதிலுக்குக் குழாய்ப் படத்துக்கு மேல் 'தோட்ட நிர்வாகத்தின் ஒத்துழைப்புடன்' என்று எழுத வேண்டுமாம். தலைமையாசிரியருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "ஒரு மேனேஜரே வர்றாருன்னா பேரண்ட்ஸ் வாய மூடிருவாங்க டீச்சர்" என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஒரு பலகையில் ஒரு வரிதானே என்றும் இருக்கிறது. என்ன சொல்கிறீர்கள்?

நவமணி


ஏழாங்கட்டைத் தோட்டம்
11.8.1979

முருகன் துணை

தங்கை நவமணிக்கு,

ஒரு பலகையில் ஒரு வரி என்று எழுதியிருக்கிறாய். அந்த வரி எங்கே போகிறது தெரியுமா? சங்கத்தின் புகாருக்குத் துரை பதில் போட்டுவிட்டார். 'தொழிலாளர்களுக்குக் குழாய்த் தண்ணீர் ஏற்கெனவே வழங்கப்பட்டுள்ளது. ஈப்போ பள்ளி ஒன்றின் துணையுடன் நிர்வாகம் இதைச் செய்தது.' கூடவே படம். உன் கண்காட்சியைத் திறந்து வைத்து, பத்திரிகையிலும் படம் வந்துவிட்டால், அதையும் விசாரணையில் வைப்பார். அத்தோடு கீழ் லயத்தின் கதை முடிந்தது.

உன் பிள்ளைகள் நல்ல பிள்ளைகள். அவர்கள் வேலை செய்தபோது நானும் கூட நின்று மண் வெட்டினேன். ஆனால் துரை செய்ய வேண்டியதை அவர்கள் செய்துவிட்டார்கள். துரை செய்யாமல் தப்பித்துக்கொள்கிறார்.

குழாயைக் காட்டாதே. காய்கறித் தோட்டத்தைக் காட்டு, படிப்பைக் காட்டு, வேறு எதையும் காட்டு. குழாயை மட்டும் விட்டுவிடு.

ராக்காயி நேற்று ஆற்றங்கரையில் வழுக்கி விழுந்தாள். ஒன்றும் ஆகவில்லை. தோட்டத்து ஆஸ்பத்திரி மிசி வந்து பார்த்து, பிள்ளை நன்றாக இருக்கிறது என்றார்.

ராமையா


புந்தோங்
20.8.1979

அண்ணனுக்கு,

அண்ணி விழுந்த செய்தியைக் கடைசி வரியில் எழுதுவீர்களா? படித்ததிலிருந்து எதிலும் மனம் நிற்கவில்லை.

ஆனாலும் சொல்கிறேன், குழாயை என்னால் மறைக்க முடியாது. கையெல்லாம் கொப்புளமாகியும், பார்க்க வந்த அப்பா அம்மாவிடம் ஏச்சு வாங்கியும் அடுத்த நாள் மண்வெட்டியைத் தூக்கியவர்கள் அவர்கள். கண்காட்சியே அவர்களுடைய உழைப்பைப் பற்றியது. அதை எடுத்துவிட்டு வெண்டைக்காயும் பயற்றங்காயும் காட்டச் சொல்கிறீர்கள். உங்களுக்குச் சங்கம் இருக்கிறது அண்ணா. இந்தப் பிள்ளைகளுக்கு நான்தான் இருக்கிறேன். என்னிடம் கேட்பதற்குப் பதிலாக உத்தரவு போடுகிறீர்கள். அதுவும் துரையிடம் இருக்கிற பழக்கம்தான்.

எழுதிய பிறகு இந்த வரியை அடிக்கலாமா என்று பார்த்தேன். அடிக்கவில்லை.

உங்கள் கடிதத்தில் இருந்ததை மாணவர்களிடம் சொன்னேன். மறைப்பது சரியில்லை என்று தோன்றியது. பத்துமலை, "டீச்சர், அப்ப நம்ம செஞ்சது தப்பா?" என்றான். அந்தக் கேள்வியை உங்களுக்கே அனுப்புகிறேன்.

நவமணி


புந்தோங்
9.9.1979

அன்பு அண்ணனுக்கு,

பதில் வரவில்லை. நான் எழுதியது அதிகம்தான்.

நேற்று நாங்கள் தோட்டத்துக்கு வந்ததை நீங்கள் பார்த்தீர்கள். ஸ்டோர் பக்கம் நின்றுகொண்டிருந்தீர்கள். நான் கையை உயர்த்தினேன். நீங்கள் திரும்பி உள்ளே போய்விட்டீர்கள். ரப்பர் பால் வாளிகளுக்கு நடுவே உங்கள் முதுகு மறைந்ததைப் பார்த்துக்கொண்டு மாணவர்கள் முன்னால் நின்றேன்.

ஏன் வந்தோம் என்றாவது தெரிந்துகொள்ளுங்கள். எல்ஸிதான் கேட்டாள்: "நம்ம கீழ் லயத்துக்கு ஒருநாள்கூட போகலியே டீச்சர்?" உண்மை. ஊற்றிலிருந்து மேல் லயம் வரைதான் எங்களுக்குத் தோட்டமாக இருந்தது. படம் எடுக்க வருகிறோம் என்று கேட்டதும் துரை அனுமதி கொடுத்தார். குழாயைத்தான் எடுக்கப் போகிறோம் என்று நினைத்திருப்பார்.

பெண்களோடு ஆற்றுக்குப் போனோம். தோளில் கம்பும் இரண்டு பக்கமும் டின்னுமாக மேட்டில் ஏறினோம். கடப்பாறையை வளைத்த பத்துமலை பாதி மேட்டில் தண்ணீரையெல்லாம் கொட்டிவிட்டு நின்றான். பெண்கள் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். அண்ணி எல்லாருக்கும் கோப்பி கலக்கிக் கொடுத்தார். எல்ஸி மெல்ல, "அக்கா, நீங்க வந்து பேசுனா எல்லாரும் கேப்பாங்க" என்று ஆரம்பித்தாள். அண்ணி கப்பைக் கீழே வைத்தார். "தண்ணி தூக்குறதப் பத்தி நான் என்னம்மா பேசுறது? எனக்கு அது சோறு தின்னுற மாதிரி. நீங்க இன்னிக்கித் தூக்குனீங்கல்ல? ஒங்களுக்கு எப்படி இருந்திச்சோ, அதப் போயி சொல்லுங்க."

திரும்பி வரும்போது பஸ்ஸில் பத்துமலை தோளைத் தேய்த்துக்கொண்டே வந்தான்.

அண்ணி இளைத்திருக்கிறார். கவனித்துக்கொள்ளுங்கள். ஒரு வரியாவது எழுதுங்கள்.

நவமணி


புந்தோங்
23.9.1979

அன்பு அண்ணனுக்கு,

நேற்று கண்காட்சி நடந்தது. வேறு யாராவது வந்து உங்களிடம் கூட்டியோ குறைத்தோ சொல்வதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன்.

கூட்டம் நினைத்ததற்கு மேல். மண் வெட்ட விட்டதாகக் கோபப்பட்ட அந்தத் தகப்பனார்கூட வந்து, தன் மகள் எழுத்துச் சொல்லிக் கொடுத்த தோட்டத்துச் சிறுவன் பலகையைப் பார்த்து வாசிப்பதைக் கேட்டுக்கொண்டு நின்றார். மற்றப் பள்ளி ஆசிரியர்கள் குறிப்பெடுத்தார்கள். துரை வெள்ளைக் காரில் வந்து நாடாவை வெட்டினார். குழாய்ப் படத்துக்கு மேல் அவர் கேட்ட வரி இல்லை. நான் எழுதவில்லை. அவர் அதைக் கவனித்ததும் தெரிந்தது. ஆனாலும் கல்வி அதிகாரியின் தோளைத் தொட்டு, "இது எங்க தோட்டத்து புரொஜெக்ட்" என்றார்.

அதிகாரி நல்ல மனிதர். பத்துமலையிடம் மலாயில் கேட்டார்: இந்தக் குழாயை யார் வாங்கிக் கொடுத்தது?

"நாங்கதான் துவான். வீடு வீடாப் போயி பழைய பேப்பர் வாங்கி வித்தோம்."

"தோட்டம் என்ன கொடுத்தது?"

பத்துமலை என்னைப் பார்த்தான். நான் தலையை ஆட்டவும் இல்லை, அசைக்காமலும் இல்லை. எனக்கே தெரியவில்லை என்ன செய்தேன் என்று. அதற்குள் எல்ஸி சொன்னாள்: "உள்ள வர விட்டாங்க துவான்."

யாரோ சிரித்துவிட்டார்கள். துரை சிரிக்கவில்லை. எல்ஸி அத்தோடு நிற்காமல் அதிகாரியைப் பக்கத்துப் பலகைக்கு அழைத்துப் போனாள். அதில் கீழ் லயமும் ஆறும் இருந்தன. யாருடைய முகமும் இல்லை. மேட்டுப் பாதையும் டின்களும்தான். கீழே அவர்களே மூன்று மொழியிலும் எழுதியிருந்தார்கள்: 'இங்கே நாங்கள் குழாய் போடவில்லை. போடுவது யாருடைய வேலை என்று கேட்க வந்திருக்கிறோம்.' பத்துமலை தான் தண்ணீர் தூக்கியதையும் பாதி மேட்டில் கொட்டியதையும் சொன்னான். அவன் இவ்வளவு அழகாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

துரை சாப்பாட்டுக்கு இருக்கவில்லை. தலைமையாசிரியர் எல்லாரும் போன பிறகு வெறும் நாற்காலிகளுக்கு நடுவே என்னிடம் வந்தார். "கண்காட்சி ரொம்ப நல்லா இருந்திச்சி டீச்சர். அதான் பிரச்சன" என்றார். நாளை அவர் அறைக்கு வரச் சொல்லியிருக்கிறார்.

எனக்கு என்னைப் பற்றிக் கவலை இல்லை. நீங்கள் துரையின் கைக்குள் இருக்கிறீர்கள். உங்களை என்ன செய்வாரோ என்றுதான் பதறுகிறேன். நான் செய்தது உங்களுக்கு உதவியா உபத்திரவமா? எழுதுங்கள் அண்ணா.

நவமணி


ஏழாங்கட்டைத் தோட்டம்
21.10.1979

முருகன் துணை

அன்புத் தங்கை நவமணிக்கு,

முதலில் நல்ல செய்தி. பெண் குழந்தை பிறந்திருக்கிறது. சிலிம் ரிவர் ஆஸ்பத்திரியில் சுகப்பிரசவம். தாயும் பிள்ளையும் நலம்.

உன் கடிதங்கள் எல்லாம் வந்தன. நான் ஏன் எழுதவில்லை, ஸ்டோருக்குள் ஏன் போனேன் என்று கேட்டு மனம் கசந்திருப்பாய். முதலில் கோபம்தான். துரையோடு என்னைச் சேர்த்து எழுதினாயே! பிறகு யோசித்தேன். அன்று நான் வந்து உங்களோடு நின்றிருந்தால், கிராணி ஓடிப்போய்ச் சொல்லியிருப்பான். 'யூனியன்காரன் தங்கச்சிய ஏவி விட்டான்' என்று உன் பிள்ளைகள் பேசிய பேச்சையெல்லாம் துரை தள்ளியிருப்பார். அதனால் விலகினேன். முதுகைக் காட்டியது எனக்கும் சுலபமாக இல்லை.

இனி மற்றது. கண்காட்சி முடிந்த திங்கட்கிழமை, துரை ஆள் வைத்துக் குழாயைப் பிடுங்கிவிட்டார். அனுமதி இல்லாமல் போட்டதாம். மேல் லயத்துக்காரர்களும் இப்போது எங்களோடு ஆற்றுக்கு வருகிறார்கள். மேல் லயத்து ஐயாவு, காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் எல்லார் முன்னாலும் என் சட்டையைப் பிடித்துவிட்டான். "ஒன் தங்கச்சி பேரு வாங்குனா, எங்க தண்ணி போச்சி. ஒனக்கு நல்லா இருக்கா?" என்றான். சின்ன வயதிலிருந்து கூட வளர்ந்தவன். அவன் கையை எடுத்துவிட எனக்கு மனம் வரவில்லை. அவன் சொன்னதில் பாதி சரி.

விசாரணை நடந்தது. குழாய் கொடுத்துவிட்டோம் என்றார் துரை. "அப்படியா, பார்க்கலாம்" என்று தொழில் இலாகா அதிகாரி நேரிலேயே கிளம்பி வந்துவிட்டார். வந்து பார்த்தால் பள்ளம்தான் இருக்கிறது. தன் கோபத்தால் துரையே தன் வாயில் மண்ணைப் போட்டுக்கொண்டார். இரண்டு லயத்துக்கும் குழாய் போடச் சொல்லித் தவணை கொடுத்திருக்கிறார்கள். தவணை தண்ணீராக வருமா என்று தெரியாது. என்னை வேலைக்குத் தோட்டத்துக் கோடியிலுள்ள எல்லைக் காட்டுக்கு மாற்றிவிட்டார்கள். நடை அதிகம், வேறொன்றும் இல்லை.

கொஞ்ச நாளைக்கு நீ இங்கே வராதே. மேல் லயத்தில் உன் பேரைச் சொன்னாலே கொதிக்கிறார்கள். அவர்கள் உன்னை ஏசி, அதை நான் கேட்டுக்கொண்டு நிற்க முடியாது.

அண்ணன்,
ராமையா


புந்தோங்
11.11.1979

அன்பு அண்ணனுக்கு,

மருமகள் பிறந்த செய்தியைப் படித்துச் சிரித்தேன். அடுத்த பக்கத்தைப் படித்து அழுதேன். வராதே என்று நீங்கள் சொன்னது நியாயம். ஆனால் நியாயத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இங்கே சனிக்கிழமை வேலையை நிறுத்திவிட்டார்கள். எனக்கு வடக்கே தூரத்தில் கிரிக் பக்கம் மாற்றல். ஜனவரியில் போக வேண்டும். வேறு இரண்டு பள்ளிகளிலிருந்து நாங்கள் எப்படிச் செய்தோம் என்று விவரம் கேட்டு எழுதியிருக்கிறார்கள். எழுதி அனுப்பினேன். குழாய் பிடுங்கப்பட்டதையும் சேர்த்தே எழுதினேன். அதன் பிறகு அவர்கள் வேண்டாம் என்றாலும் சரி.

மாணவர்களிடம் இனிப் போக முடியாது என்று சொன்னேன். எல்ஸி அழுதாள். பத்துமலை, "குழாயப் புடுங்குனது நம்மளாலதானே டீச்சர்?" என்றான். துரையால் என்றேன். அவன் நம்பவில்லை. நானும் முழுதாக நம்பவில்லை. ஐயாவு அண்ணன் பிடித்தது உங்கள் சட்டையை. பிடித்திருக்க வேண்டியது என்னை.

பெட்டி கட்டுகிறேன், அவிழ்க்கிறேன். குழந்தையை ஒரு முறை பார்த்துவிட்டுப் போனால் போதும். எப்போது வரலாம் என்று சொல்லுங்கள்.

நவமணி


ஏழாங்கட்டைத் தோட்டம்
9.12.1979

முருகன் துணை

அன்புத் தங்கை நவமணிக்கு,

என்ன எழுதுவது என்று தெரியாமல் இத்தனை நாள் தள்ளிப் போட்டேன். நேற்று நடந்ததைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

காலை ரயிலில் உன் மாணவர்கள் வந்தார்கள். பத்துமலை, எல்ஸி, இன்னும் சிலர். பரீட்சை முடிந்துவிட்டதாம். காவல்காரர் கேட்டில் நிறுத்திவிட்டார். துரையின் உத்தரவு, உள்ளே விடக்கூடாது. அவர்கள் சண்டை போடவில்லை. வெளியே போய் ரோட்டோர ஆற்றுப் பாலத்தடியில் நின்றுவிட்டார்கள். நாங்கள் தண்ணீர் எடுக்கிற இடம் அதுதான்; துரைக்குச் சொந்தமான இடம் அல்ல.

ஐயாவு பெண்டாட்டி இருளாயி டின்னோடு போயிருக்கிறாள். பத்துமலை டின்னை வாங்கக் கையை நீட்டியிருக்கிறான். "குழாயப் புடுங்க வச்ச பயதானே நீ?" என்றாளாம். "ஆமாக்கா" என்றானாம். பிறகு டின்னைக் கொடுத்துவிட்டாள். நான் போனபோது பாலத்தடியிலிருந்து கேட் வரை அவர்கள் தூக்கி வருவதும், கேட்டிலிருந்து பெண்கள் உள்ளே வாங்கிப் போவதுமாக நடந்துகொண்டிருந்தது. இரண்டு லயத்துக்கும்தான். காவல்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு நின்றார்.

"டீச்சர் அனுப்புனாங்களா?" என்று பத்துமலையைக் கேட்டேன்.

"இல்லண்ணே. டீச்சருக்குத் தெரியாது. தெரிஞ்சா வேணாம்பாங்க. அவங்களுக்குச் சொல்லிராதீங்க லா."

நான் சொல்லிவிட்டேன். அடுத்த மாதமும் வருவார்களாம். தடுக்காதே.

நிர்வாகத்துக் குழாய் இன்னும் வரவில்லை. தவணை முடிய நாள் இருக்கிறது. வராவிட்டால் மறுபடி எழுதிப் போடுவேன்.

குழந்தைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. முப்பதாம் நாளோடு வைத்துவிடலாம் என்று எல்லாரும் சொன்னார்கள். "அத்தை வந்து காதுல கூப்பிடாம என்ன பேரு?" என்று ராக்காயி பிடிவாதமாக இருக்கிறாள். அடுத்த ஞாயிறு காலை பஸ்ஸில் வா. கேட்டில் நான் நிற்பேன். உள்ளே விடாவிட்டால் ராக்காயி குழந்தையோடு கேட்டுக்கு வருவாள். இந்த முறை ஸ்டோர் பக்கம் போக மாட்டேன். ஐயாவு இன்னும் என்னோடு பேசுவதில்லை. மேல் லயத்தில் ஒன்றிரண்டு பேர் உன்னை ஏசத்தான் செய்வார்கள். ஏசட்டும். வந்து வாங்கிக்கொள்.

அண்ணன்,
ராமையா